ஆற்றுப் பக்க வாசல்

கோயிலுக்குள் புத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

இரஞ்சிதம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தாழ்ந்த கூரை, கரிபிடித்த உத்தரங்கள், ஊதுபத்திப் புகையும் ஈரச் செங்கல்லும் காயாத கம்பளியும் சேர்ந்த ஒரு மணம். நடுவில் ஒரு மேடை, அதன்மேல் ஆளுயர மரப் புத்தர். கதவைத் திறந்து வருகிறவருக்குத் தெரிவதெல்லாம் அவருடைய பிடரியும், பொன்பூச்சு உரிந்த முதுகும், முதுகில் மேலிருந்து கீழாக ஓடிய ஒரு வெடிப்பும்தான். அவர் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

"இதென்ன, மாறி வைச்சிருக்கினம்?" என்றான் அவள் கணவன் வரதராஜா. அவனுக்கு அது பிடித்துவிட்டது. விசித்திரமாக எதைக் கண்டாலும் அவனுக்குப் பிடிக்கும். படம் எடுத்து, ஸ்லைட் போட்டு, சனிக்கிழமைகளில் சாப்பிட வருகிற சினேகிதர்களுக்கு வெள்ளைத் துணியில் காட்டலாம். அதையே இங்கிலீஷில் அவன் திரும்பக் கேட்க, சாவி வைத்திருந்த பெண் தலையை ஆட்டினாள்.

"அவரை யாரும் மாற்றி வைக்கவில்லை. கதவைத்தான் மாற்றினார்கள்."

அவள் பெயர் மிஸஸ் லியோங். அறுபது வயதிருக்கும். பாட்டன் சீனன், பாட்டி ஐரிஷ்காரி என்று வரும்போதே சொல்லியிருந்தாள். பேச்செல்லாம் இந்த நாட்டுக் கிராமத்து இங்கிலீஷ், கண்கள் மட்டும் வேறு. ஆட்கள் கேட்டால் கோயிலைத் திறந்து காட்டுவாள், மற்ற நேரம் பூட்டியே கிடக்கும். பழைய வாசல் ஆற்றுப் பக்கம் இருந்ததாம். பெருவெள்ளம் வந்து முன்சுவரைத் தின்றுவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கத்தை ஒரேயடியாக அடைத்துக் கட்டி, பின்னால் ஒரு கதவு வெட்டினார்களாம். "நீங்கள் இப்போது வந்தது பின்கதவு. இங்கே வருகிற எல்லாரும் அவருக்குப் பின்னாலிருந்துதான் வருகிறார்கள்."

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு ஜூன். ராணியின் பிறந்தநாள் என்று திங்கட்கிழமையும் லீவு. லோகன்ஸ் கிராசிங் என்ற இந்த ஊருக்கு இரஞ்சிதம் விரும்பி வரவில்லை. மெல்பனிலிருந்து வடக்கே, மரே ஆற்றங்கரையில், பொன் தோண்டின காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பிறகு ரயில்பாதை வேறு பக்கம் போனதால் அப்படியே உறைந்துபோன ஊர். உயரமான மரத் துறைமுகம், சுங்கக் கட்டிடம், கரையில் கட்டிவைத்திருந்த ஒரு நீராவிப் படகு, மேல்தெருவில் சீனர்கள் கட்டின ஒரு புத்த கோயில், கீழே ஆற்றோரம் இந்தக் கோயில். காலையிலிருந்து வரதராஜா அவளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு திரிந்தான். மேல்தெருக் கோயில் இப்போது ஊர்ச் சரித்திரச் சங்கத்தின் மண்டபம். கண்ணாடிப் பெட்டிக்குள் தேநீர்க் கிண்ணங்களும் பல் உடைந்த சீப்புகளும் இருந்தன. அவள் உள்ளே போகாமல் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"போன ஆவணியிலயிருந்து நீர் இப்பிடித்தான்," என்றான் அவன், வெளியே வந்து. "ஒரு இடமும் பார்க்க மாட்டன், ஒருத்தரோடையும் கதைக்க மாட்டன். என்ன செய்யச் சொல்லுறீர் என்னை?"

"எனக்கு அந்த முகத்தைப் பார்க்க ஏலாது."

"இது சீனன்ர புத்தர். சிங்களவையின்ர இல்லை."

"முகம் ஒண்டுதானே," என்றாள் இரஞ்சிதம்.

போன ஆவணியில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, மலைநாட்டில் கிளார்க்காக இருந்த அவள் தம்பி யோகேஸ்வரன் யாழ்ப்பாண ரயிலில் ஏறினான். ரயில் யாழ்ப்பாணம் வந்தது. அவன் வரவில்லை. வழியில் எந்த ஸ்டேஷனில் இறக்கினார்கள், எங்கே போட்டார்கள், இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. உடம்பில்லாமல், சாம்பலில்லாமல், ஒரு படத்துக்கு மாலை போட்டு அந்தியேட்டிச் சடங்கு செய்தார்கள். அதற்கு முந்திய வருஷம் முழுக்க அவன் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தான், நானும் அங்கே வாறன் அக்கா, ஒரு மூலை தந்தாலே காணும் என்று. வரதராஜா சொன்னது ஒரே வசனம்: "வீடு கட்டி முடியட்டும். இந்த ஃபிளாட்டில இடம் காணாது." மெல்பன் புறநகர் கிளென் வேவர்லியில் வீடு முடிந்தது. பின்னறை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் அவள் உடுப்பு அயன் பண்ணுகிறாள்.

இதைப் பற்றி அவர்கள் சண்டை பிடித்ததே இல்லை. அதுதான் மோசம்.

"ஏன் ஆற்றுப் பக்கமாக வாசல் வைத்தார்கள்?" என்று வரதராஜா இப்போது மிஸஸ் லியோங்கைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் என்ஜினியர். வெள்ளம் வருகிற பக்கம் வாசல் வைத்த மடத்தனம் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"படகு வரும் பக்கம் அதுதானே." மிஸஸ் லியோங் கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள். "இங்கே தோண்ட வந்தவர்கள் இங்கேயே கிடக்க வந்தவர்கள் இல்லை. செத்தால் கொஞ்சக் காலம் மண்ணில் வைப்பார்கள். பிறகு எலும்பைத் தோண்டிக் கழுவி, சாடியில் போட்டு, இந்தக் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். படகு வரும், கடலுக்குக் கொண்டுபோகும், கடலால் ஊருக்கு. சொந்தக்காரர் அங்கே புதைப்பார்கள். ஒரு கட்டத்தில் படகு வருவது நின்றுபோனது. சாடிகள் வருவது நிற்கவில்லை."

"இப்போது எங்கே அந்தச் சாடிகள்?"

"வெள்ளம் கொண்டுபோனது. நான் அப்போது சின்னப் பெண். ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போனது." கொஞ்ச நேரம் அந்த வெறும் சுவரைப் பார்த்தாள். "எலும்புதான் போனது."

வரதராஜா சிரித்தான். மிஸஸ் லியோங் சிரிக்கவில்லை.

வெளியே, முற்றத்தின் கோடியில், செத்தவர்களுக்குப் படையல் காகிதம் எரிக்கிற ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. குளிர்காலச் சூரியன் அதன் தலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "வெளிச்சம் போறதுக்கு முதல் அதைப் படம் எடுத்துப்போட்டு வாறன். நீர் இஞ்ச நில்லும், வெளியில குளிர்," என்று அவன் மூன்றுகால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போனான். வழிகாட்ட மிஸஸ் லியோங்கும் போனாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இரஞ்சிதம் புத்தரின் பிடரிக்குப் பின்னால் தனியே நின்றாள். எங்கோ தண்ணீர் சொட்டியது. சுவருக்கு அப்பால் ஆறு போய்க்கொண்டிருந்தது, சத்தமாக இல்லை, யாரோ பெரிய துணியை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போவதுபோல. முகத்தைப் பார்க்க ஏலாது என்று காலையில் சொன்னவளுக்கு இப்போது, யாரும் பார்க்காதபோது, பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்த்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும். மேடையைச் சுற்றி முன்பக்கம் போக ஒரு காலை எடுத்துவைத்தாள்.

போக முடியவில்லை.

தடுக்க எதுவும் இல்லை. மேடைக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. ஆனால் அவள் தோள்கள் தாமாகவே ஒடுங்கின. நல்லூர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள், ஆம்பிளைகள் நெருக்கி நிற்கிற பக்கமாகப் போகவேண்டி வரும்போது சேலையை இழுத்துப் பிடித்து உடம்பைச் சுருக்குவாளே, அந்த மாதிரி. அந்தப் பக்கக் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே உறைபனிக் குளிர். உள்ளே, சுவரை ஒட்டி, ஒரு சனக்கூட்டத்தின் சூடு. நெடுநேரம் கால்மாற்றி நின்று களைத்த சனங்களின் மூச்சுச் சூடு.

அவள் பின்வாங்கினாள். விசரி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது வலது தோளுக்குப் பக்கத்தில் ஆள் அரவம் கேட்டது. புகையிலை மணம் வந்தது. படம் எடுத்து முடித்து, சிகரெட் ஒன்று பத்திவிட்டு அவன் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, அதை அவனுக்குக் காட்டவேண்டிய தேவை இல்லை.

"பார்த்தது காணும்," என்றாள் புத்தரின் முதுகைப் பார்த்தபடி. "வாங்கோ, வீட்ட போவம்."

ஒரு சத்தம்.

மண்டபம் நிறைந்த சனம் ஒரே நேரத்தில் திரும்பினால் வருகிற சத்தம். துணி உரசல், தரையில் பாதங்கள் அரைபடும் சத்தம், எங்கோ ஒரு தொண்டைச் செருமல். மேடையில் எரிந்த சின்ன விளக்கின் சுடர் சாய்ந்தது. அவளை நோக்கிச் சாய்ந்தது.

வலப்பக்கம் ஒருவரும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது வரதராஜா முற்றத்தின் அந்தக் கோடியில், கோபுரத்தடியில், குனிந்து கமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டிருந்தான். மிஸஸ் லியோங் அவன் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் கோயிலைப் பார்த்தாள். பிறகு இரஞ்சிதத்தைப் பார்த்தாள். புல்லுக்குக் குறுக்கே விறுவிறுவென்று வந்தாள்.

"உள்ளே என்ன சொன்னாய்?"

"ஒன்றுமில்லை. கணவர் என்று நினைத்து, வாருங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று..."

"எந்தப் பாஷையில்?"

"என் பாஷையில். தமிழில்."

"உன் பாஷையில் அது ஒரு ஆளைக் கூப்பிடுகிற சொல்லா?"

அந்தக் கேள்வி இரஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வாங்கோ. மரியாதைக்கு ஒரே ஒரு ஆளையும் அப்படித்தான் கூப்பிடுவது. ஊர்ச்சனம் முழுவதையும் அப்படித்தான் கூப்பிடுவது.

மிஸஸ் லியோங் பதிலுக்கு நிற்கவில்லை. கோயில் கதவைத் திறந்து, உள்ளே காலை வைத்தாள். வெறும் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல் இரண்டொரு சீனச் சொற்களைச் சொன்னாள். வெறும் மண்டபத்தில் அவள் குரல் எதிரொலித்தது. திரும்பி வந்தபோது, சின்ன வயதிலிருந்து சுமந்த ஒன்றை யாரோ வந்து வாங்கிக்கொண்டதுபோல அவள் முகம் தளர்ந்திருந்தது. அந்த ஆறுதலைக் கண்டுதான் இரஞ்சிதத்துக்கு உண்மையில் பயம் வந்தது.

"எனக்கு அவர்கள் பாஷை சரியாக வராது," என்றாள் மிஸஸ் லியோங். "வந்திருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்." கதவைப் பூட்டினாள். அவர்களுடைய காரை ஒருதரம் பார்த்தாள். விடைசொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கிப் போனாள்.

"நல்ல மனுசி, கொஞ்சம் மண்டை தட்டினது," என்றான் வரதராஜா, தாங்கியை மடக்கிக்கொண்டு.

கார் ஊரைத் தாண்டு முன்னமே அவன் முணுமுணுக்கத் தொடங்கினான். சின்ன ஏற்றத்துக்கும் கியரை இறக்கவேண்டி வந்தது. திருப்பங்களில் கார் பின்பக்கம் கனத்து ஆடியது. ஸ்பிரிங் போய்விட்டதோ, டயரில் காற்றுப் போய்விட்டதோ. கண்ணாடிகள் மங்கிக்கொண்டு வந்தன. முன்கண்ணாடி மெல்ல, பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் வேகமாக, பால் ஊற்றினதுபோல. அவன் ஹீட்டரைப் போட்டான், துணியால் துடைத்தான், தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான். துடைத்த இடம் துடைத்த கையோடு வெள்ளையானது.

"ஆத்தங்கரை ஈரம்," என்றான். "வெளியில குளிர், உள்ளுக்குச் சூடு. அவ்வளவுதான்."

"நாங்கள் ரெண்டு பேர்," என்றாள் இரஞ்சிதம்.

"அதுக்கு?"

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். இருக்கையின் முதுகில், அவளுடைய முதுகுத்தண்டுக்கு நேரே, ஒரு முழங்கால் அழுத்திக்கொண்டிருந்தது.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையம். பெட்ரோல் அடித்த இளைஞன் பின்டயர்களைப் பார்த்து விசிலடித்தான். ரிம் தரையில் படப்போகிறது, டிக்கிக்குள் என்ன, செங்கல்லா என்று கேட்டான். வரதராஜா இறங்கி டிக்கியைத் திறந்து காட்டினான். மாற்று டயர், சாப்பாட்டுக் கூடை, கமராப் பெட்டி. இளைஞன் தோளைக் குலுக்கிவிட்டுக் காற்று அடித்தான். அவர்கள் வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், இரஞ்சிதம் காருக்குள் அசையாமல் இருந்து, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு நின்ற பிறகும் காருக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. ஒன்றல்ல. தூங்குகிறவர்களின் மூச்சுமல்ல. நெடுந்தூரப் பயணத்தில் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கத் துணிவில்லாமல் நெருக்கியடித்து இருக்கிறவர்களின் அடக்கமான மூச்சு. ஊதுபத்தி மணம். அதற்கடியில் ஆற்றுச் சேறு.

இறங்கி ஓடியிருக்கலாம். பிறகு அவளுக்கு அது தெரியும். கதவுப்பிடியில் கை இருந்தது. ஆனால் அந்த நேரம் அவள் நினைத்தது வேறு. எலும்பு ஊர்போய்ச் சேராதவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலா காத்திருப்பார்கள்? ஆறு எல்லாம் ஒரே கடலில்தானே விழுகிறது? அந்த முகத்துக்கு முன்னால்தானே அவனும் காத்திருப்பான்?

உதடு அசையாமல், காற்றாக, தம்பியைக் கூப்பிட்டாள். "யோகன்?"

மூச்சுகள் நின்றன.

"ஓம், அக்கா."

அவளுடைய காதுக்குப் பின்னால். அதே குரல். 'ஓம்' என்று இழுத்து, 'அக்கா' என்று வெட்டுகிற அதே பேச்சு. கண்கள் பொங்கி வழிந்தன. திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடும் என்று எப்படியோ தெரிந்தது.

"வாறியோ?"

"வாறன், அக்கா."

வரதராஜா ஏறிக் கதவைச் சாத்தினான். "ஏன் அழுகிறீர்?"

"ஒண்டுமில்லை. ஓடுங்கோ," என்றாள். "வீட்ட போவம்."

அந்தி விழுந்தது. ரோட்டின் இரு பக்கமும் கம் மரங்கள் கறுத்தன. மெல்பன் விளக்குகள் தொலைவில் வானத்தின் அடியை மஞ்சளாக்கின. இரஞ்சிதத்துக்குப் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து இருந்துவிட்டது, பத்து மாதமாக வராத ஒன்று. பின்னறையில் அயன் மேசையைத் தள்ளிவைத்தால் கட்டில் போடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டு வந்தாள். வரதராஜாவுக்குத்தான் இப்போது வியர்த்தது. அடிக்கடி பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்த்தினான், பிறகு அதைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, தோளை ஒடுக்கி ஓட்டினான், தோளில் யாரோ தலை சாய்த்திருப்பதுபோல.

"இரஞ்சி," என்றான் ஒருதரம், தாழ்ந்த குரலில். "நீர் ஒண்டும் உணரேல்லையோ?"

"என்னத்தை?"

"பின்னுக்கு..."

"பின்னுக்கு இடம் இருக்குத்தானே," என்றாள் அவள். சொன்ன பிறகு, தன் குரலில் இருந்த கூர்மையைத் தானே கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். எல்லாம் விளங்கிய பார்வை.

தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு இருந்தது. பக்கத்து வீட்டு டெலிவிஷனில் யாரோ சிரித்தார்கள். கார் அடிவயிறு தேய்ந்து கேட்டடியில் நின்றது. கேட்டைத் திறக்க இரஞ்சிதம் இறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டு, கார் உள்ளே வர வழிவிட்டு, படியேறி வாசலடிக்கு வந்து, வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து வைத்தாள். அகலத் திறந்து வைத்தாள்.

கார் முற்றத்துக் கொங்கிரீட்டில் வந்து நின்றது. எஞ்சின் நின்றது.

பின்னால் ஒரு சின்னச் சத்தம். டக். இன்னொன்று. டக். கார்க் கதவுகளின் பூட்டுக் குமிழ்கள். ஒவ்வொன்றாக, உள்ளேயிருந்து, அமுக்கப்படும் சத்தம்.

திரும்பினாள். கண்ணாடிகள் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் வரதராஜாவின் கை தெரிந்தது, விரிந்த உள்ளங்கை, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அடித்துக்கொண்டு.

"இரஞ்சி! கதவைத் திற!"

சாவிக் கொத்து அவள் கையில் இருந்தது. காருக்கும் அவளுக்கும் நடுவே நாலு எட்டு.

"இரஞ்சி, மூச்சு... எல்லாரும் கேக்கினம்... வீடு எங்க எண்டு கேக்கினம்..."

அவள் போகவில்லை. கால் எழவில்லை என்று பிறகு பொலிசுக்குச் சொன்னாள். கால் எழும். அவள் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்குமோ என்று. அந்தக் கை கண்ணாடியில் வழுக்கி, கீழே இறங்கி, காணாமல் போகும்வரை.

பிறகு அமைதி.

பிறகு நாலு கதவுகளும் திறந்தன.

யாரும் இறங்கியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. கார்தான் அசைந்தது. ஓர் ஆள் இறங்கின பாரத்துக்கு ஸ்பிரிங் கொஞ்சம் எழும்பியது. இன்னும் கொஞ்சம். இன்னும். கொங்கிரீட்டில் ஈரப் பாதங்கள். வெறும் பாதங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படியேறி வந்தன. குளிர் அவளை உரசிக்கொண்டு போனது. சேற்று மணம். புகையிலை.

"யோகன்?" என்றாள் முதல் குளிரிடம்.

"ஓம், அக்கா."

அழுகையும் சிரிப்புமாகக் கையை நீட்டினாள். விரல்களில் ஒரு கை பட்டது. கிழட்டுக் கை. மண் தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன கை. உதறினாள்.

அடுத்தது வந்தது. "யோகன்?"

"ஓம், அக்கா."

அதே குரல். அதே இழுப்பு. அடுத்ததும். அவள் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னது. "ஓம், அக்கா." அடுத்தது. "ஓம், அக்கா." படியெல்லாம், வாசலெல்லாம், அவளைத் தாண்டி வீட்டுக்குள்ளே, கூடத்தில், குசினியில், பின்னறையில், கதிரைகளை இழுத்து இழுத்து அமர்கிற சத்தத்தோடு, பணிவாக, நன்றியோடு, தம்பியின் ஒற்றைக் குரலில். ஓம் அக்கா. ஓம் அக்கா. ஓம் அக்கா.

அவன் அவர்களில் இல்லை. அவன் ஒருபோதும் இருந்ததில்லை.

கடைசிப் பாதம் உள்ளே போனது. முற்றத்தில் கார் எழும்பி நின்றது. ஆள் இருக்கிற கார்போல அல்ல, அதைவிட உயர்ந்து, கடையில் வாங்கின அன்று நின்றதுபோல, வெறும் வண்டியாக. உள்ளே மூச்சுவிட இப்போது யாரும் இல்லை. அதனால் முன்கண்ணாடி தெளியத் தொடங்கியது. ஓரத்திலிருந்து, நிதானமாக, அங்குலம் அங்குலமாக.

முதலில் ஸ்டியரிங்மேல் கிடந்த வரதராஜாவின் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு கழுத்துப்பட்டி. பிறகு அண்ணாந்து அகலத் திறந்திருந்த வாய். உதட்டு விளிம்புவரை கபில நிற ஆற்றுத் தண்ணீர் நிறைந்து, ஒரு சொட்டும் வழியாமல், வீட்டு வெளிச்சத்தில் மெல்லத் தளும்பிக்கொண்டிருந்தது.